கணக்கில் உதைக்கிற மூன்று அடி

செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். நீ அதை நம்ப வேண்டாம். நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். ரயிலில் ஒரு பகல் முழுக்க வர வேண்டிய தூரத்தில் இருக்கிறவனுக்கு என்ன குறை? போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். நான் ரகசியம் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் பல வருடங்களுக்குப் பிறகு பேனாவைப் பிடித்திருக்கிறேன். படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. கிழிப்பது என்றால் நாலு துண்டாக இல்லை, ஒட்டிப் பார்க்க முடியாதபடி பொடிப்பொடியாக. தாள் கொஞ்சம் மொத்தம், விரல் வலிக்கும், சிரமம் பார்க்காதே. என் மகளின் மேஜைக்கடியில் கிடந்த பெரிய தாள் இது. ஒரு பக்கம் அவள் என்னவோ கோடு கோடாகப் போட்டிருக்கிறாள், மறுபக்கம் வெள்ளை வெளேரென்று சும்மா கிடந்தது. நல்ல தாளை வீணாக்க எனக்கு மனசு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுச் சமையலறையை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறதே, மூன்றடி அகலம், ஆறடி நீளம், உள்ளே போனால் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டுமே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நம் வீட்டுக்கும் அச்சகக்காரர் வீட்டுக்கும் நடுவே முன் தெருவிலிருந்து பின் தெருவுக்குப் போன பொதுச் சந்தின் வாயில் நானும் நீயுமாக ஒரு சுவர் எழுப்பினோம். ஆறடி உள்ளே தள்ளி இன்னொரு சுவர். பிறகு சமையலறைப் பக்கம் உடைத்து ஒரு கதவு. நான் செங்கல் அடுக்கினேன், நீ கலவை போட்டாய். கல்லூரி லீவுக்கு வந்தவன், வேலை தெரியாமல் சிமென்ட்டை வாரி வாரிக் கொட்டினாய். இன்றைய தேதி வரை அந்தச் சுவரில் ஒரு விரிசல் இல்லை. நாசமாய்ப் போக, அவ்வளவு கெட்டியாகவா கலப்பாய்? கேட்ட ஒன்றிரண்டு பேரிடம் "மேலிடத்து உத்தரவு" என்று சொன்னேன். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தவன் பேச்சை அப்போது தெரு நம்பியது. கேட்டவர்களும் வீடு மாறிப் போய்விட்டார்கள். சந்து என்று ஒன்று இருந்ததையே நான் பாதி மறந்து நிம்மதியாக ஓய்வு பெற்றேன்.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தவள் என் மகள். அவளைக் கட்டடக் கலை படிக்க வைத்தபோது ஊரெல்லாம் வீடு கட்டித் தள்ளுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டுவதே இல்லை, கட்டி வைத்ததை யாரும் இடித்துவிடாமல் தடுப்பதுதான் அவளுக்கு வேலை. நம் வரிசை முழுவதையும் இடித்துவிட்டு நாலு மாடியில் கார் நிறுத்துமிடம் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டிருக்கிறது. இவளும் இவளோடு வேலை செய்கிற இரண்டு பெண்களும், இது பழமையான தெரு, இடிக்கக் கூடாது என்று மனுப் போட்டு, ஒவ்வொரு வீட்டையும் அளந்து படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பார்வையிட ஒரு குழு வருகிறது. அந்தக் குழுவின் அதிகாரி போன மாதமே வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "பழைய சர்வே படத்துல இந்தத் தெருவுக்கு நாலு சந்து இருக்கும்மா. நாலும் இருந்தா இடிக்க விடாம பண்றது என் பொறுப்பு. ஒண்ணு காணோம்னாலும் ஏற்கெனவே மாத்திக் கட்டின தெருன்னு எழுதிடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது." மூன்று சந்து இருக்கிறது. நாலாவதில் உன் அக்காள் பழைய மிக்ஸியையும் உன் கேரம் போர்டையும் போட்டு வைத்திருக்கிறாள். என் நிலைமை புரிகிறதா?

இவர்கள் அளக்கிற முறை பொல்லாதது. முதலில் வரிசையின் மொத்த நீளத்தை வெளியிலிருந்து அளக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு வீடாக உள்ளே போய், அறை அகலம், சுவர்க் கனம் எல்லாவற்றையும் கூட்டி, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறார்கள். நம் வீட்டில் முன்பக்கம் அங்குலம் பிசகாமல் ஒத்துப் போயிற்று. பின்பக்கத்துக்கு வந்ததும், நமக்கும் அச்சகத்துக்கும் நடுவே மூன்று அடி உதைக்கிறது என்றார்கள். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது நான் முந்திக்கொண்டு ஓடினேன். படுக்கை அறையை மறுபடி அளக்கும்போது டேப்பைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, பீரோவுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்தேன். மூன்றடி மட்டும் கூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பதற்றத்தில் ஐந்தடி கூடிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் ஊரார் மீட்டரில் ஒரு யூனிட் பிசகாமல் எழுதினவன் நான்! மறுநாள் கம்ப்யூட்டரில் படம் வந்தது. அதில் என் கட்டிலின் தலைமாடு அச்சகக்காரர் வீட்டுக்குள் இருந்தது. "ஏம்ப்பா, நீங்க தினமும் பக்கத்து வீட்டுலயா தலை வச்சுத் தூங்குறீங்க?" என்று கேட்டாள் என் மகள். எனக்கே தெரியாமல் வாயில் வந்தது: "அந்தக் காலத்துச் சுவர்ம்மா. நடுவுல இருக்கறது ஒரே சுவர்தான், மூணு அடி கனம்." "மூணு அடியா? கோட்டையாப்பா இது?" என்றாள். ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இதற்குள் ஜன்னல் விவகாரம் வேறு. சந்தின் வாயில் நாம் வைத்த சுவர் மொட்டையாகத் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று பழைய மர ஜன்னல் ஒன்றை அதன்மேல் பதித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பின்னால் காற்றும் இல்லை வெளிச்சமும் இல்லை, செங்கல்தான். என் மகளோடு வேலை செய்கிற பெண்ணொருத்தி, கெட்டிக்காரி, கண்ணில் எதுவும் தப்பாது, அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏன் அங்கிள் திறக்க மாட்டேங்குது?" என்றாள். "அது திறக்கறதுக்கு இல்லம்மா, அழகுக்கு. அந்தக் காலத்துல அப்படி ஒரு வழக்கம்" என்று சொல்லிவைத்தேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து இவர்கள் நடத்துகிற கண்காட்சிக்குக் கையேடு அச்சாகி வந்தது. எட்டாம் பக்கத்தில் நம் ஜன்னலின் படம்! கீழே, "குருட்டு ஜன்னல்: இந்தத் தெருவுக்கே உரிய அபூர்வ அம்சம்" என்று போட்டிருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவைச் சுற்றிப் பார்க்க வருகிற கூட்டம் நம் வாசலில் நின்று அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணாடி போட்ட ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறீர்களே என்று கண்கலங்கினார். எனக்கும் கண்கலங்கியது, வேறு காரணத்துக்காக.

அளப்பதோடு விட்டார்களா? கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாதாம், அதில் இருக்கிற மனிதர்களின் ஞாபகத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டுமாம். நூலகக் கூடத்தில் நம் தெருவின் வரைபடத்தைப் பாய் அகலத்துக்குத் துணியில் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். தெருவாசிகள் தங்களுக்கு ஞாபகம் இருப்பதைச் சீட்டில் எழுதி, அந்த இடத்தில் குண்டூசியால் குத்திவிட்டுப் போகலாம். முதல் நாளே பின் தெருவில் இருக்கிற ஓய்வு பெற்ற நர்ஸம்மா வந்து, நம் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் நடுவே, "இங்கே ஒரு சந்து இருந்தது" என்று குத்திவிட்டார். கூட்டம் கலைந்ததும் நான் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அதே இடத்தில் வேறு இரண்டு சீட்டு. அதையும் பிடுங்கினேன். மூன்றாம் நாள் ஐந்து. பிடுங்கிப் பிடுங்கி, உட்காரும்போதெல்லாம் பையிலிருந்து ஊசி குத்தி நான் ஐயோ என்கிறேன், உன் அக்காள், "நெஞ்சு வலியா?" என்று பதறுகிறாள். ஒரு நாள் நான் பிடுங்காத சீட்டுக்கூடக் காணாமல் போயிருந்தது. நான்தான் பிடுங்கிவிட்டு மறந்துவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் ஆஜராகிறேனே, என் ஆர்வத்தைப் பார்த்து என்னையே வரைபடத்துக்குக் காவலாகப் போட்டுவிட்டார்கள். "மீட்டர் சார் இருந்தா கவலையில்ல" என்கிறார் நூலகர். கழுத்தில் ஓர் அட்டை வேறு தொங்குகிறது.

கடைசியாக நாடகம். இதுதான் என்னைப் படுத்த படுக்கையாக்கியது. வெள்ளிக்கிழமை குழு வரும்போது தெருவாசிகளே நடிக்கிற ஒரு நாடகம். மேடை கிடையாது. நடிக்கிறவர்கள் வீடு வீடாக நடப்பார்கள், பார்க்கிறவர்கள் பின்னாலேயே நடக்க வேண்டும். கதை என்ன தெரியுமா? ஒரு தெருவில் நாலு சந்து இருந்ததாம், ஒரு நாள் காலையில் ஒன்றைக் காணோமாம், தெருவே சேர்ந்து தேடுகிறதாம். கடைசிக் காட்சியில் சந்துத் திருடன் வந்து, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். திருடன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. என் மகள் என்னைக் காட்டி, "அப்பா பண்ணுவாரு" என்றாள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! ஒத்துக்கொண்டேன். ஒத்திகையில் அந்த ஒரு வரி எனக்கு வாயில் நுழையவில்லை. நாடகம் போடுகிற பள்ளிக்கூட டீச்சர் கண்டிப்பானவர். "என்ன சார், யாரோ எடுத்த மாதிரி சொல்றீங்க. நீங்க எடுத்த மாதிரி சொல்லுங்க" என்று விரட்டினார். பதினோராவது தடவை எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. "ஆமா, நான்தான்யா எடுத்தேன்! இருபத்தெட்டு வருஷமா என் வீட்டுக்குள்ளதான் இருக்கு! மிக்ஸியும் கேரம் போர்டும் போட்டு வச்சிருக்கேன்! என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க!" என்று கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மைத்துனா, நாற்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். "அந்த கேரம் போர்டு பிரமாதம் சார், அதை அப்படியே வச்சுக்குங்க" என்றார் டீச்சர். என் மகள் மட்டும் கைதட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

உண்மையைச் சொன்னால் கைதட்டுகிறார்கள், பொய்யைச் சொன்னால் அச்சடிக்கிறார்கள். இந்த நிலைமையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? உன் அக்காளிடம் கேட்டேன். "சுவர் வச்சது நீங்க, வாயைத் தொறக்க வேண்டியதும் நீங்கதான். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்று கெடு வைத்துவிட்டாள். ஆகையால் உன்னால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். "அத்தானுக்குத் தெரியாமல் நான்தான் அந்தச் சுவரை வைத்தேன், அவர் ஒரு பாவமும் அறியார்" என்று என் மகளுக்கு ஒரு கடிதம் போட்டுவிடு. உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, விவரம் தெரியாத வயது என்று விட்டுவிடுவார்கள். நீ ஒரு பகல் ரயில் தூரத்தில் இருக்கிறாய், உன்னை யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்? சந்தும் திறக்கும், தெருவும் பிழைக்கும், நானும் அவள் முகத்தில் விழிப்பேன். எனக்கு அதிகாரியைப் பற்றிப் பயமில்லை, அபராதம் போட்டாலும் கட்டிவிடுவேன். அவள் கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல ஒரு கல்லைக்கூட மாத்தினதில்ல" என்று பெருமையாகச் சொல்கிறாள். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்பதுதான் எனக்குப் பயம்.

அவ்வளவு அவசரமாக ஏன் சுவர் வைத்தோம் என்று நீ ஒரு நாளும் என்னைத் துருவிக் கேட்டதில்லை. மழைத்தண்ணீர் சந்து வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று உன்னிடம் சொன்னேன். பாத்திரம் வைக்க இடமில்லை என்று உன் அக்காளிடம் சொன்னேன். இரண்டும் பொய். அதற்கு முந்தின வியாழக்கிழமை, உன் அக்காள் வேலைக்குப் போயிருந்தாள், குழந்தை என் பொறுப்பில் இருந்தாள். மூன்று வயது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரில் ஒரு பக்கம் படித்தேன், ஒரே ஒரு பக்கம். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். நாற்பது நிமிஷம். கட்டிலுக்கடியில் பார்த்தேன், மாடியில் பார்த்தேன், கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது. அவள் சந்து வழியாக நடந்து பின் தெருவுக்குப் போய், நர்ஸம்மா மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை சுவர் எழும்பிவிட்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் நர்ஸம்மா இன்னொரு சீட்டுக் குத்தியிருந்தார். "இந்தச் சந்து வழியாக ஒரு குழந்தை வந்தது. அரை மணி நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தது." அதையும் பிடுங்கினேன், ஆனால் தூக்கிப் போட மனசு வரவில்லை. மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிக்கொள்கிறேன்.

உன் பதில் கடிதம் வியாழக்கிழமைக்குள் கிடைக்குமாறு விரைவுத் தபாலில் அனுப்பு. கையெழுத்துக் கொஞ்சம் நடுங்கியிருந்தால் நம்பும்படியாக இருக்கும். உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், நல்ல புத்தியோடும், யார் வீட்டிலும் கலவை போடாமலும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உன் அத்தான்

பின்குறிப்பு (புதன்கிழமை சாயங்காலம்): மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம். உன் கையில் இருப்பது ஜெராக்ஸ். அசலைக் கண்ணாடி போட்டு நூலகக் கூடத்தில், நின்று படிக்க வசதியான உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து வரிசையில் நின்று படிக்கிறார்கள். நீ கலவை போட்ட இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நடந்தது இதுதான். நேற்று இதை மடித்து உறையில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத் தபால்தலை தேடப் போனேன். என் மகள் வீடு முழுக்க ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை குழுவிடம் கொடுக்க வேண்டிய, நம் வீட்டின் படமாம். மேஜைக்கடியில் விழுந்துவிட்டிருந்ததாம். உறையின் தடிமனைத் தொட்டுப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தபால்தலையோடு திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து கடைசிப் பாராவைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் தாளைத் திருப்பி, இவ்வளவு எழுதியும் நான் ஒரு தடவைகூட உற்றுப் பார்க்காத அந்தக் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினாள். நம் ஸ்டோர் ரூம் இருக்கிற இடத்திலிருந்து பின் தெரு வரை புள்ளிக்கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், "இங்கே சந்து ஓடுகிறது. அப்பாவே சொல்லட்டும்." தேதி ஐந்து மாதத்துக்கு முந்தையது, அளக்க ஆரம்பித்த முதல் நாள்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன். "நான் கேட்டு நீங்க உடைச்சா அது இடிச்ச கணக்குப்பா. வீட்டுக்காரரே திறந்து விட்டாத்தான் தெரு தெருவா இருக்கும். வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றாள். "ஒரு கல்லைக்கூட மாத்தினதில்லன்னு மைக்கில சொன்னியே?" என்று கேட்டதற்கு, "அப்பவாவது உங்களுக்கு ரோஷம் வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். திருடன் வேஷம் எனக்கு எப்படி வந்தது என்று இப்போதுதான் விளங்கியது. சமையலறையிலிருந்து உன் அக்காள் குரல் கொடுத்தாள்: "குழந்தை காணாம போன கதையை நர்ஸம்மா அன்னைக்கு சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்." இந்த வீட்டில் நான் மட்டும்தான் ரகசியம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை அச்சகக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மீட்டர் சார், சந்தோட பின் வாயைத் தகரம் வச்சு அடைச்சது நான்தான். நீங்க முன்னால அடைச்சதும் எனக்குத் தைரியம் வந்துடுச்சு. சீட்டையெல்லாம் நீங்க பிடுங்குனது போக மிச்சத்தைப் பிடுங்கினதும் நான்தான்" என்று சொல்லி அழுதார். அவருக்கும் வேஷம் வேண்டுமாம். நாடகத்தில் இப்போது இரண்டு திருடர்கள். குருட்டு ஜன்னலுக்காக மட்டும் அந்தக் கெட்டிக்காரப் பெண் என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். கையேட்டின் எட்டாம் பக்கத்துக்குத் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது. நாளைக்கு அச்சகக்காரர் தகரத்தைப் பிரிக்கிறார், சுவரை எடுக்கக் கொத்தனார் வருகிறார். உன் கலவை அவரை என்ன பாடு படுத்தப் போகிறதோ. உன் கேரம் போர்டு பத்திரம், வந்து எடுத்துக்கொண்டு போ.

நர்ஸம்மாவின் சீட்டை என் மகள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு பக்கமும் சுவர் ஜில்லுனு தட்டுச்சுப்பா. அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. எந்த இடம்னுதான் ரொம்ப நாள் தெரியாம இருந்துச்சு" என்றாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்து திறக்கிறது. முதல் ஆளாக அவள்தான் உள்ளே நடக்கப் போகிறாள். முன் தெருவில் அதிகாரி பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்பது மணிக்கே பின் தெருவுக்குப் போய் அந்த முனையில் நிற்கப் போகிறேன். அவள் வெளியே வரும்போது அங்கே நான் இருக்க வேண்டும்.